ஒரு மணி நேரம் இனாம்

லூயிவில், கென்டக்கி
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

வடிவு எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் இங்கே நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, சித்தப்பா வீட்டார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

"போன கடிதம் தபாலில் தொலைந்திருக்கும், அதனால்தான் உன்னிடமிருந்து பதில் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். தொலையவில்லை அப்பா. ஆகஸ்டிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஊர்க் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்திய மனுஷனுக்குப் பெற்ற மகளே நாலு மாதமாகப் பதில் போடவில்லை என்றால் ஊரில் சிரிப்பார்கள். இப்போது வந்த இரண்டாவது கடிதத்தில் ஒரு வார்த்தைகூட என்னைக் கோபித்துக்கொள்ளாமல், எனக்கும் சேர்த்து நீங்களே ஒரு சாக்குக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவதெல்லாம் பேச்சே இல்லை. நான் சொல்வது உங்களுக்குக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காது மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பதாகத் தம்பி சொன்னான். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் சண்டை போட மாட்டேன்.

அம்மா அனுப்பிய பொட்டலம் வந்துவிட்டது. இட்லிப்பொடி கொஞ்சம் ஓரத்தில் கசிந்திருந்தது, அதையும் வழித்து எடுத்துவிட்டேன். நார்த்தங்காய்தான் இப்போது எங்களுக்கு எல்லாமே. கீழ்வீட்டுப் பாட்டி வியாழக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் அவித்த பயறும் சோள ரொட்டியும் கொண்டுவந்து கொடுக்கிறாள். பயறு என்றால் நம் தட்டைப்பயறு மாதிரி, ஆனால் பெரிசு. உப்பைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. சோள ரொட்டி லேசாக இனிக்கும். அதில் நார்த்தங்காயை ஒரு கிள்ளு வைத்துச் சாப்பிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், அம்மாவே இன்னொன்று கேட்பாள். "அளவு தெரியாமல் அதிகமாகச் செய்துவிட்டேன்" என்று சொல்லித்தான் பாட்டி கொடுப்பாள். வாராவாரம் எப்படித்தான் அளவு தப்புகிறதோ!

இந்தப் பாட்டியைப் பற்றிப் போன வருஷம் எழுதினேனா என்று நினைவில்லை. அவள் வாசலில் சிமெண்டில் செய்த வாத்து ஒன்று நிற்கிறது. அதற்கு அவள் துணி தைத்துப் போடுகிறாள். மழை பெய்தால் மஞ்சள் ரெயின்கோட்டு, அக்டோபரில் பூசணிக்காய் மாதிரி ஆரஞ்சுச் சட்டை, இப்போது நன்றி சொல்லும் பண்டிகை வருகிறதென்று கறுப்புத் தொப்பி. முதலில் மனநிலை சரியில்லையோ என்று பயந்தேன். அப்புறம் பார்த்தால் இந்தப் பக்கத்தில் நிறைய வீட்டு வாசலில் வாத்து நிற்கிறது, எல்லாவற்றுக்கும் துணி இருக்கிறது. நம் ஊர் அய்யனார் கோயில் குதிரைக்கு வேட்டி கட்டுகிறோமே, அதை இவளிடம் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன். எனக்கு ஆங்கிலம் புரியாது என்று எண்ணிக்கொண்டு சத்தமாகப் பேசுவாள். உங்களிடம் நாங்கள் பேசுவோமே, அந்த மாதிரி.

அவள்தான் எங்களைக் குகைக்குப் போகச் சொன்னாள். கென்டக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். "நாலு வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், பூமிக்குக் கீழே இன்னும் போகவில்லையா?" என்று, குலதெய்வம் கோயிலுக்குப் போகாதவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். கென்டக்கி என்றால் சித்தப்பா இன்னும் கோழி வறுவல் கடை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறார்? இனிமேல் குகை என்று சொல்லுங்கள். மம்மத் குகை. உலகத்திலேயே நீளமான குகை இதுதான். இதுவரை அளந்தது மட்டுமே 420 மைலுக்கு மேல், அதாவது 675 கிலோமீட்டருக்கும் அதிகம். கோவில்பட்டியில் ரயில் ஏறிச் சென்னையில் இறங்கினாலும் அந்தத் தூரம் வராது. இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை, அதனால் கிளம்பிவிட்டோம். வார நாளில் போனால் கூட்டமும் இருக்காது. அந்தத் தேசியப் பூங்காவுக்குள் நுழைய டிக்கெட் கிடையாது, குகைக்குள் கூட்டிக்கொண்டு போவதற்கு மட்டும்தான். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டேன். தூரம் 90 மைல்தான், ஒன்றரை மணி நேரம். பழைய காரில்தான் போனோம். புதுக் காரை விற்றுவிட்டோம். வீட்டில் இரண்டு பேர்தானே, இரண்டு கார் எதற்கு? பழைய காரில் சூடு சரியாக வராது, அதனால் காலில் கம்பளி போர்த்திக்கொண்டேன்.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று சொல்கிறேன். லூயிவில்லிலிருந்து காலை 8 மணிக்குக் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை! இந்த மாநிலத்துக்கு நடுவில் ஒரு கோடு போகிறது. அதற்குக் கிழக்கே எட்டு மணி என்றால் மேற்கே ஏழு மணிதான். கோட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம் இனாம். அவர் தன் போனைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். "இந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்" என்றார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது, வேலைப் பளுதான். காரிலேயே உட்கார்ந்து அந்த இனாம் நேரத்தில் புளிச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டோம். குகைக்குள் தண்ணீர் தவிர ஒன்றும் கொண்டுபோகக் கூடாது.

இனிக் குகை.

காட்டுக்குள் ஒரு சரிவு, சரிவின் அடியில் பெரிய வாய். படி இறங்கிப் போக வேண்டும். கோடையில் அந்த வாயிலிருந்து குளிர்ந்த காற்று வெளியே வீசுமாம். குளிர்காலத்தில் அப்படியே தலைகீழ், வெளிக்காற்றைக் குகை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாங்கள் இறங்கும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி காற்று எங்களோடேயே உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் குளிர் விட்டுவிட்டது. ஆழத்தில் வருஷம் முழுக்க 12 டிகிரிதான், கூடுவதுமில்லை குறைவதுமில்லை. வெளியே அன்றைக்கு 2 டிகிரி. இந்த நாட்டில் நவம்பரில் குளிருக்கு ஒதுங்க வேண்டுமென்றால் பூமிக்குள்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

படங்களில் பார்க்கிற மாதிரி கூரையிலிருந்து விழுது விழுதாகப் பாறை தொங்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் இல்லை. பெரிய கல்யாண மண்டபத்தில் விசேஷம் முடிந்து எல்லாவற்றையும் எடுத்த பிறகு இருக்குமே, அப்படி இருந்தது. ஏன் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போன ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், சொன்னார். இந்தக் குகை சுண்ணாம்புப் பாறையில் உண்டானது. மழைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து, உள்ளே ஓடிய ஆறு அறுத்து அறுத்து வழி செய்தது. ஆனால் அதற்கு மேலே மணற்பாறை ஒரு அடுக்கு, கூரை போட்ட மாதிரி மூடிக்கிடக்கிறது. அது தண்ணீரைக் கீழே விடாது. தண்ணீர் சொட்டினால்தானே விழுது இறங்கும்? கூரை முடிந்துபோன இடங்களில் விழுதெல்லாம் இருக்கிறதாம், அதைப் பார்க்க வேறு டிக்கெட். ஒன்றே போதும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வறட்சியால் ஒரு நன்மை. 1812இல் இங்கிலாந்தோடு நடந்த யுத்தத்தின்போது இந்தக் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்திருக்கிறார்கள், வெடிமருந்து செய்ய. மண்ணைப் பெரிய மரத் தொட்டிகளில் போட்டுத் தண்ணீர் விட்டு இறக்குவது. சலவைக்கு உவர்மண்ணைக் கரைத்துத் தெளிய வைப்பதைப் பற்றி ஆச்சி சொல்வாளே, ஏறக்குறைய அதே வேலை. தண்ணீர் போக மரத்தையே குடைந்து குழாய் செய்திருக்கிறார்கள். இருநூறு வருஷம் ஆகியும் தொட்டியும் குழாயும் அப்படியே கிடக்கின்றன, செல் அரிக்கவில்லை. வேலை செய்ததெல்லாம் அடிமைகள்.

அடிமை என்றதும் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் பிஷப் என்று பெயர். 1838இல் வழிகாட்டி வேலைக்கு இந்தக் குகைக்குக் கொண்டுவரப்பட்டபோது பதினேழு வயதுதான். அதுவரைக்கும் எல்லோரும் ஒரு பள்ளம் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவார்கள். அதற்கு 'அடியில்லாப் பள்ளம்' என்று பெயர். அடி இருக்கிறது, நூறடிக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்து எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அடி தெரிந்திருக்காது. இந்தப் பையன் அதன் குறுக்கே ஏணியைப் போட்டுத் தவழ்ந்து அந்தப் பக்கம் போனான். அதற்கப்பால்தான் ஆறு, கண்ணே இல்லாத மீன், மைல் கணக்கில் வழிகள் எல்லாம் இருந்தன. இப்போது அங்கே இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்காமல் கடந்தேன். 1842இல் குகையின் சொந்தக்காரர் அவரை லூயிவில்லுக்கு, ஆமாம், நாங்கள் இருக்கும் இதே ஊருக்கு, தன் குடும்பத்து வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். குகையின் வரைபடம் முழுவதையும் அவர் நினைவிலிருந்தே வரைந்தாராம். அந்த வீடு இன்னும் இருக்கிறது. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறோம், தெரியாது. 1856இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது, மறுவருஷமே இறந்துவிட்டார். ஆப்பிரிக்காவுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தச் சொந்தக்காரர் ஒரு டாக்டர். குகைக் காற்று மாறுவதே இல்லை, அதனால் காசநோய்க்கு நல்லது என்று ஒரு யோசனை அவருக்கு. 1842 கடைசியில் பத்துப் பதினைந்து நோயாளிகளை உள்ளேயே குடிசை போட்டுத் தங்க வைத்தார். சமையல் புகையும் விளக்குப் புகையும் போக வழியில்லை. சிலர் செத்துப்போனார்கள், மீதிப் பேர் ஆளைக் கண்டு பயப்படும்படி வெளுத்து வெளியே வந்தார்கள். சில மாதத்தில் எல்லாம் முடிந்தது. டாக்டரும் பின்னால் காசநோயில்தான் போனாராம். இரண்டு கல் குடிசைகள் இன்னும் உள்ளே இருக்கின்றன என்றார் ரேஞ்சர். நாங்கள் போன வழியில் அது வரவில்லை. வராததே நல்லது.

இதெல்லாம் அழுமூஞ்சிக் கதையாக இருக்கிறது என்பாள் அம்மா. அம்மாவுக்கு ஒன்று: வழியில் ஒரு இடத்துக்குப் பெயரே 'குண்டன் படும் பாடு'. பாறை இடுக்கில் பாம்பு மாதிரி நெளிந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் தொடை உயரத்துக்குப் பாறை எண்ணெய் போட்டுத் தேய்த்த மாதிரி வழுவழுவென்று இருக்கிறது, இருநூறு வருஷமாக வந்துபோன ஜனங்களின் கையும் தொடையும் பட்டு. உங்கள் மாப்பிள்ளைக்கு முன்பு இருந்த தொந்திக்கு அங்கே மாட்டியிருப்பார். இப்போது இளைத்துவிட்டார், சுலபமாக வந்துவிட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன். சிரிக்கச் சொல்லுங்கள் அம்மாவை. அடுத்தது 'நெட்டையன் படும் பாடு', குனிந்தே போக வேண்டும். பெரியத்தான் வந்தால் நெற்றியில் வாங்கிக்கொண்டுதான் போவார். அப்புறம் கடைசியில் இரும்புப் படிகள். மொத்தம் 540 படிகள், இரண்டு மைல், இரண்டு மணி நேரம். அம்மாவின் முட்டிக்கு ஆகாது.

எழுத நினைத்தது இதில்லை அப்பா. சுற்றிச் சுற்றி வருகிறேன்.

எங்கள் கூட்டத்துக்கு முன்னால் ஒரு ரேஞ்சர், கடைசியில் ஒரு ரேஞ்சர். கடைசியில் வருகிறவர் நாங்கள் கடந்துவந்த இடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவார். திரும்பிப் பார்த்தால் வந்த வழி இருக்காது. எனக்கு ஏனோ அடிக்கடி திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஒரு இடத்தில் எல்லோரையும் உட்காரச் சொல்லி, போன்களை உள்ளே வைக்கச் சொல்லி, மொத்த விளக்கையும் அணைத்தார்கள். சின்ன வயதில் கரண்ட் போனால் நீங்கள் வாசலிலிருந்து குரல் கொடுப்பீர்கள், "அசையாம நில்லு, கண்ணு பழகட்டும்" என்று. நானும் தம்பியும் நின்ற இடத்திலேயே நிற்போம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ப்பானை தெரியும், அப்புறம் நிலைக்கதவு தெரியும், அப்புறம் நீங்கள் தெரிவீர்கள். பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாத அந்த வருஷத்தில்கூட அப்படித்தானே எல்லாம் செய்தோம்? அதனால் அங்கேயும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பார்த்தேன். ரேஞ்சர் சொன்னார், "இங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கண் பழகாது. பழகுவதற்கே துளி வெளிச்சமாவது வேண்டும், இங்கே அதுவும் கிடையாது."

மீனம்பாக்கத்தில் என்னை வழியனுப்பும்போதும் நீங்கள் அதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். "போகப் போகப் பழகிடும்மா." நாலு வருஷம் ஆயிற்று அப்பா.

இருட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் ஒன்று சொன்னார். என்ன சொன்னார் என்பதை ஜனவரிக்குப் பிறகு எழுதுகிறேன். நல்லதுதான், பயப்படாதீர்கள். அப்புறம் ரேஞ்சர் ஒரே ஒரு சின்னத் தீயைக் கொளுத்தினார். அந்தச் சுடரில் அவ்வளவு பெரிய கூடமும் தெரிந்தது, எல்லார் முகமும் தெரிந்தது. என் முகம் ஈரமாக இருந்ததைப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா பார்த்துவிட்டாள். குகையில் தண்ணீர் சொட்டுவதில்லை என்று அப்போதுதான் ரேஞ்சர் சொல்லியிருந்தார், அதனால் அந்தச் சாக்கும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்ததும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மிதியடியில் எல்லோரும் நடக்க வேண்டும். வௌவாலுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, நம் செருப்பு மண்ணோடு அது வேறு குகைக்குப் போய்விடக் கூடாது என்று. மீதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் நெடுஞ்சாலை ஓரமாக டைனோசர் பொம்மை ஒன்று, பனைமர உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் சட்டை போடவில்லை. கோட்டைத் தாண்டியதும் காலையில் கொடுத்த ஒரு மணி நேரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஓடைக்கரைப் புஞ்சையைச் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம், தம்பி கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சித்தப்பா சொல்கிறார் என்றும், என் கையெழுத்து வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சித்தப்பா தன் பங்கைக் கொடுத்தால் கொடுக்கட்டும். நம்முடையதைக் கொடுக்க வேண்டாம் அப்பா. பவர் பத்திரத்துக்காகத் தூதரகம் வரைக்கும் போக வேண்டும், இப்போதைக்கு எங்களால் முடியாது என்றே அவரிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் என் தலையில் போட்டுவிடுங்கள்.

மண்டபத்துக்கு நான் தருவதாகச் சொன்ன முன்பணத்தை மறக்கவில்லை. இந்த மாதம் பேங்கில் ஏதோ சிக்கல், அனுப்ப முடியாமல் இருக்கிறது. அதற்காகத் தம்பி கல்யாணம் தள்ளிப்போக வேண்டாம். லாக்கரில் என் ரெட்டைவடச் சங்கிலி இருக்கிறதல்லவா, அதை வைத்து மண்டபத்துக்குக் கொடுங்கள். நான் இங்கே போடப் போவதில்லை, அது சும்மாதானே கிடக்கிறது? அம்மா அழுவாள், அவளிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும்.

இன்னொன்று. பின்கட்டைப் புதுசாக வந்த வாத்தியாருக்கு வாடகைக்கு விடலாம் என்று அம்மா சொன்னாள். சித்திரை வரைக்கும் யாருக்கும் விட வேண்டாம். சும்மாதான் சொல்கிறேன், கல்யாணத்துக்கு வருகிற ஆட்கள் தங்க இடம் வேண்டுமே. அங்கே ஓடு மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றிவிடச் சொல்லுங்கள். கிணற்று மோட்டாரைச் சரிபார்த்தாயிற்றா? புஞ்சையில் இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறீர்கள், உளுந்தா, மக்காச்சோளமா? சோளம் என்றால் எனக்கு எழுதுங்கள், கீழ்வீட்டுப் பாட்டியிடம் சொல்ல வேண்டும்.

காது மிஷினைப் போடுங்கள்.

அன்பு மகள்,
வடிவு

பி.கு.: இங்கே தேசியப் பூங்காக்களில் நமக்கு நாமே குத்திக்கொள்ளும்படி ஒரு தேதி முத்திரை வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசு கிடையாது. வட்டமாக, ஊர்ப் பெயரோடு, நம் தபாலாபீஸ் சீல் மாதிரியே இருக்கும். உங்களுக்காக ஒரு வெள்ளைத் தாளில் குத்தி இதோடு வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் கலங்கிவிட்டன, மூன்றாவதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது. பேடில் மை குறைவு. அழுத்தக் கூடாது, உருட்டி எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது மூன்றாவது தடவைதான் நினைவுக்கு வந்தது.